கொலாஜன் முச்சுருளை இழுத்தால் யங் குணகம் 21 ஜிகாபாஸ்கல் வருகிறது: பிழை எங்கே?

முச்சுருள் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொலாஜன் மூலக்கூறின் (மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முச்சுருள்) இழுவிறைப்பைக் கணிக்க மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷன் (அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிடுவது) ஓட்டுகிறேன். கிடைக்கும் யங் குணகம், அதாவது இழுவிறைப்பின் அளவு, 21 ஜிகாபாஸ்கல். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு வழியாக 1996-ல் அளந்த மதிப்பு 3 ஜிகாபாஸ்கலை ஒட்டி இருக்கிறது. ஏழு மடங்கு வித்தியாசம் வருவதால் எங்கோ அடிப்படையிலேயே கோளாறு என்று நினைக்கிறேன்.

செட்டப் இதுதான். கிளைசின்-புரோலின்-ஹைட்ராக்ஸிபுரோலின் மும்மை (மூன்று அமினோ அமிலங்களின் தொகுப்பு) 10 முறை, மூன்று சங்கிலிகள். புரதத் தரவு வங்கியிலிருந்து 1கே6எஃப் படிக அமைப்பை எடுத்து, ஒவ்வொரு மும்மையிலும் மூன்றாவதாக நிற்கும் புரோலினை ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற்றினேன். ஆம்பர்99எஸ்பி-ஐஎல்டிஎன் ஃபோர்ஸ் ஃபீல்டு (அணுக்களுக்கு இடையிலான விசைகளின் விதித்தொகுப்பு), டிப்3பி நீர் மாதிரி, 6 × 6 × 21 நானோமீட்டர் பாக்ஸ், 300 கெல்வின். ஓட்டுவது குரோமாக்ஸ் மென்பொருளில். லாஞ்செவின் முறையில் வெப்பநிலைக் கட்டுப்பாடு, டௌ-டி (அதன் நேர மாறிலி) 1 பைக்கோநொடி. ஒரு முனையில் மூன்று சங்கிலிகளின் ஆல்பா கார்பன்களையும் நிலைக்கட்டு போட்டு நிறுத்தினேன். மறுமுனையின் மூன்று ஆல்பா கார்பன்களின் நிறை மையத்தை 0.01 நானோமீட்டர்/பைக்கோநொடி வேகத்தில் இழுத்தேன். ஸ்பிரிங் மாறிலி 1000 கிலோஜூல்/மோல்/சதுர நானோமீட்டர்.

விசை-நீட்சி கிராஃபில் 8% திரிபு (தொடக்க நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சி) வரை மூலப்புள்ளி வழியாக நேர்கோடு பொருத்தினால் சரிவு 2300 பைக்கோநியூட்டன்/நானோமீட்டர். நீளம் 8.6 நானோமீட்டர், ஆரம் 0.55 நானோமீட்டர் என்று எடுத்தேன். மூன்று முறை திரும்ப ஓட்டியும் இதே எண்தான். ஃபோர்ஸ் ஃபீல்டை மாற்ற வேண்டுமா?


தளர்நேரம் எழுதியது:

ஃபோர்ஸ் ஃபீல்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பெரும்பகுதியைக் கணக்குத் தீர்த்துவிடலாம்.

முதலில் ஒரு நல்ல செய்தி. 1000 கிலோஜூல் ஸ்பிரிங் என்பது 1660 பைக்கோநியூட்டன்/நானோமீட்டர் (1 கிலோஜூல்/மோல்/நானோமீட்டர் = 1.66 பைக்கோநியூட்டன்). உங்கள் சரிவு 2300. நீட்சிக்கு ஸ்பிரிங்கின் தலை நகர்ந்த தூரத்தைப் போட்டிருந்தால், இரண்டு ஸ்பிரிங் தொடராக இருப்பதால் சரிவு 1660-ஐத் தாண்டவே முடியாது. ஆகவே மூலக்கூறின் உண்மையான நீட்சியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அலகு மாற்றத்திலும் பிழை இல்லை.

இனி பரப்பு. 0.55 ஆரம் என்றால் குறுக்குவெட்டு 0.95 சதுர நானோமீட்டர். கொலாஜன் மூலக்கூறின் விட்டம் என்று பொதுவாகப் புழங்குவது 1.5 நானோமீட்டர், அப்போது பரப்பு 1.77. இந்த ஒரு மாற்றத்திலேயே 20.8 என்பது 11.2 ஆகிவிடும். இயற்பியல் எதுவும் மாறவில்லை, வகுக்கும் எண் மட்டும்தான் மாறியது. ஈர நாரில் (மூலக்கூறுகள் பக்கம் பக்கமாக அடுக்கிய கட்டு) பக்கத்து மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 1.5 நானோமீட்டர், காய்ந்தால் சுமார் 1.1. உங்கள் 0.55 ஆரம் காய்ந்த நிலைக்குரியது. நீரில் ஓட்டிவிட்டுக் காய்ந்த பரப்பால் வகுத்திருக்கிறீர்கள். எந்தப் பரப்பை எடுத்தாலும் அதை எழுதிவிடுங்கள். அதைவிட நல்லது, விறைப்பை விசையாகவே கொடுப்பது: குணகம் × பரப்பு. உங்களுக்கு அது 19.8 நானோநியூட்டன். பரப்புச் சண்டையே அதில் கிடையாது.

அடுத்தது இழுவை, அதாவது நகரும் மூலக்கூறைத் தடுக்கும் உராய்வு விசை. 0.01 நானோமீட்டர்/பைக்கோநொடி என்பது நொடிக்கு 10 மீட்டர். 8.6 நீளம், 1.5 விட்டம் உள்ள கம்பி தன் அச்சு வழியே நீரில் நகரும்போது வரும் உராய்வுக் கெழு, டிப்3பி நீரின் பாகுநிலைக்கு, ஏறத்தாழ 1.1 × 10⁻¹¹ கிலோகிராம்/நொடி. ஒரு முனை நின்று மறுமுனை ஓடுவதால் சராசரி வேகம் 5 மீட்டர்/நொடி. இழுவை 56 பைக்கோநியூட்டன். இதோடு உங்கள் லாஞ்செவின் கட்டுப்பாடு ஒவ்வொரு அணுவின் மேலும் தனியாக ஓர் உராய்வைப் போடுகிறது. மூலக்கூறின் நிறை சுமார் 8000 டால்டன், உராய்வு பைக்கோநொடிக்கு 1. கணக்குப் போட்டால் இன்னும் 66 பைக்கோநியூட்டன். நீரின் உராய்வைவிடத் தெர்மோஸ்டாட்டின் உராய்வு அதிகம்! இரண்டும் சேர்ந்து 120.

இந்த 120 கிராஃபை மேலே தூக்குமே தவிர, சரிவை மாற்றாது. ஆனால் மூலப்புள்ளி வழியாகக் கோடு பொருத்தினீர்களே, அங்கேதான் அது சரிவுக்குள் நுழைகிறது: 0.69 நானோமீட்டர் வரை பொருத்தினால் சுமார் 260 பைக்கோநியூட்டன்/நானோமீட்டர். அதைக் கழித்தால் 2040, குணகம் 9.9. வெட்டுத்துண்டை விடுவித்து, அதாவது கோடு மூலப்புள்ளி வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், பொருத்துங்கள். 8% வரையும் போக வேண்டாம். முச்சுருள் இழுக்க இழுக்க விறைக்கும், ஆகவே 4-5 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

மிச்சம் இருக்கும் 9.9-க்குக் காரணம் வேகம். 5% திரிபை நீங்கள் 43 பைக்கோநொடியில் கொடுத்துவிடுகிறீர்கள். முச்சுருள் இழுபடும்போது கொஞ்சம் முறுக்கவிழ வேண்டும், சங்கிலிகளைத் தைத்து நிற்கும் நீர்ப்பாலங்கள் இடம் மாற வேண்டும், புரோலின் வளையங்களின் மடிப்பு புரள வேண்டும், வளைந்திருந்த உடல் நிமிர வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு நானோநொடிகள் தேவை. அந்த அவகாசம் கிடைக்காததால், பிணைப்புக் கோணங்களையே நேராக இழுத்து அளந்திருக்கிறீர்கள். 2009-ல் வெளியான ஒரு முழு அணு ஆய்வு இதே முச்சுருளுக்கு நொடிக்கு 100 மீட்டரில் 15 ஜிகாபாஸ்கலும், 0.5 மீட்டருக்குக் கீழே 4 ஜிகாபாஸ்கலும் தந்தது. 10 மீட்டரில் உங்களுக்கு 10 வருவது அந்த வரிசையில் ஒழுங்காக உட்காருகிறது. உங்கள் ரன் உடைந்துபோகவில்லை. அது வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மூன்று முறையும் ஒரே எண் வந்ததை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். மூன்றும் ஒரே வேகம், ஒரே பரப்பு. முறைப்பிழை திரும்ப ஓட்டினால் போகாது.


நீர்ப்பாலம் எழுதியது:

மேலே சொன்ன கணக்கோடு முழுக்க ஒத்துப்போகிறேன். சரிசெய்யும் வழியைச் சொல்கிறேன், அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.

புரோலினை ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற்றியது கையாலா, ஸ்கிரிப்டாலா? வளையத்தின் நான்காவது கார்பனில் ஆக்சிஜன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். 4ஆர் வடிவம் வேண்டும். 4எஸ் (ஆக்சிஜன் எதிர்ப்பக்கம்) ஆகிவிட்டால் அந்த இடத்தில் முச்சுருள் நிலைகுலையும். சிமுலேஷன் அதைப் பிழை என்று சொல்லாது, அமைதியாக ஓடும். ஒரே ஒரு எச்சத்தை, அதாவது சங்கிலியின் ஓர் அமினோ அமிலத்தை, திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் போதாது, 30 இடத்திலும் கைரல் கோணத்தை (ஆக்சிஜன் எந்தப் பக்கம் என்று காட்டும் கோணம்) எண்ணாக எடுத்துப் பாருங்கள். ஆற்றல் குறைப்பு முடிந்த பிறகு இரண்டாவது முறையும் பாருங்கள். கூடவே, புரோலினுக்கு முந்தைய பெப்டைடு பிணைப்புகள் எல்லாம் டிரான்ஸ் வடிவம்தானா (சங்கிலி பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் தொடர்வது) என்றும் ஒமேகா கோணத்தை (அந்தப் பிணைப்பின் முறுக்குக் கோணம்) வைத்துப் பார்த்துவிடுங்கள். எச்சங்களின் வளைய மடிப்பையும் பாருங்கள்: மும்மையின் இரண்டாம் இடத்துப் புரோலின் கீழ்நோக்கி, மூன்றாம் இடத்து ஹைட்ராக்ஸிபுரோலின் மேல்நோக்கி. பெரும்பாலான நேரம் அப்படி நின்றால் ஃபோர்ஸ் ஃபீல்டு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

சங்கிலி முனைகளை அசெட்டைல், என்-மெத்தில் மூடி போட்டு அடைத்தீர்களா? திறந்து விட்டால் ஒரு பக்கம் மூன்று நேர்மின்சுமை, மறுபக்கம் மூன்று எதிர்மின்சுமை நெருங்கி நின்று ஒன்றையொன்று தள்ளும். முனை பிரிந்து விரியும். அந்தப் பிரிந்த முனையைத்தான் நீங்கள் பிடித்து இழுக்கிறீர்கள்.

இனி இழுக்கும் முறை. தொடர்ந்து இழுப்பதை விட்டுவிட்டு, படிப்படியாக இழுத்து நிறுத்துங்கள்.

பூஜ்ய விசையில் 50 நானோநொடி ஓட்டி, சராசரி நீளம் எடுங்கள். இதுதான் தொடக்க நீளம். 30 எச்சம் × 0.286 = 8.6 என்பது காகிதக் கணக்கு; முனை ஆல்பா கார்பன்களுக்கு நடுவே 29 இடைவெளிதான், அதுவே 8.3. வளைவு ஆட்டத்தில் அதுவும் குறையும்.

பிறகு 0.1 நானோமீட்டர் இழுங்கள், 0.0001 நானோமீட்டர்/பைக்கோநொடி வேகத்தில். ஒரு நானோநொடி ஆகும். நிறுத்தி 30 நானோநொடி ஓட்டுங்கள். முதல் 10-ஐத் தள்ளிவிட்டு மிச்சத்தில் சராசரி விசை. அங்கிருந்து அடுத்த 0.1. இப்படி 0.5 வரை. நின்றுகொண்டிருக்கும் மூலக்கூறுக்கு இழுவை கிடையாது, தெர்மோஸ்டாட் உராய்வும் சராசரி விசையை மாற்றாது. தளர்நேரம் அண்ணன் சொன்ன 120 பைக்கோநியூட்டன் அப்படியே காணாமல் போகும்.

ஏன் 20 நானோநொடிச் சராசரி என்றால், இந்த ஸ்பிரிங்கில் விசையின் வெப்ப ஆட்டம் மட்டும் சுமார் 70 பைக்கோநியூட்டன். குணகம் 4 ஜிகாபாஸ்கல் என்று வைத்தால் 2% திரிபில் நீங்கள் தேடும் விசையே 142தான். ஆட்டம் சில பைக்கோநொடிக்கு ஒருமுறை புதிதாகும் என்பதால், 20 நானோநொடியில் பிழை ஓரிரு பைக்கோநியூட்டனுக்கு இறங்கும். ஸ்பிரிங்கை 5000 ஆக்கினால் பிடி இறுகும், ஆட்டமும் கூடும். 1000 போதும்.

மேலே போய்விட்டு அதே படிகளில் கீழே இறங்குங்கள். போகும்போதும் வரும்போதும் விசை ஒன்றுபோல் இருந்தால்தான் நீங்கள் அளந்தது மீள்திறன்.

பாக்ஸ்: 21 நீளம் வைத்தது, இழுக்கும் தூரம் பாக்ஸின் பாதியைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்காகத்தானே? டைரக்‌ஷன்-பீரியாடிக் வடிவியலுக்கு (அந்தக் கட்டுப்பாடு இல்லாத இழுப்பு முறை) மாறினால் 13 போதும். சுமார் 76,000 அணுவிலிருந்து 47,000 ஆகும். ஒரு நிபந்தனை, இழுக்கும் திசையில் அழுத்தக் கட்டுப்பாடு இருக்கக் கூடாது. சமநிலையை நிலை அழுத்தத்தில் முடித்துவிட்டு, இழுப்பதை நிலைக் கனஅளவில் செய்யுங்கள்.

நிலைக்கட்டு பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று ஆல்பா கார்பன்களையும் தனித்தனியே கட்டிய முனை சுழலாது, அது சரி. மறுமுனையில் நிறை மையத்தை மட்டும் பிடித்திருப்பதால் முறுக்கவிழ வழி இருக்கிறது. அதை எந்தக் காரணத்துக்காகவும் அணு அணுவாகக் கட்டிவிடாதீர்கள். இரண்டு முனையும் சுழலாமல் போனால் விறைப்பு கூடிக் காட்டும்.


முச்சுருள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. முனைகளுக்கு மூடி போடவில்லை, அது என் தவறு. கைரல் கோணங்களைச் சோதித்தேன், 30-ம் 4ஆர்தான்.

இரண்டு சந்தேகம். ஒன்று: இழுக்கவே வேண்டாமே, பூஜ்ய விசை ரன்னில் முனைக்கு முனை தூரத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்தே விறைப்பை எடுக்கலாமா? வெப்ப ஆற்றலை நீளத்தின் மாறுபாட்டால் வகுத்தால் ஸ்பிரிங் மாறிலி வருமே. இரண்டு: படிமுறையில் சோதனைக்கு ஓட்டியபோது, நான்காவது படியில் விசை நிலைக்கு வராமல் இறங்கிக்கொண்டே போகிறது. இன்னும் நீண்ட நேரம் ஓட்டினால் சரியாகுமா?


தளர்நேரம் எழுதியது:

முதல் கேள்விக்கு: எண்ணம் நல்லது, முனைக்கு முனை தூரம் மட்டும் உதவாது. 4 ஜிகாபாஸ்கலுக்கு ஸ்பிரிங் மாறிலி சுமார் 820 பைக்கோநியூட்டன்/நானோமீட்டர். 300 கெல்வினில் வெப்ப ஆற்றல் 4.14 பைக்கோநியூட்டன்-நானோமீட்டர். ஆகவே நீட்சியால் வரும் மாறுபாடு 0.005 சதுர நானோமீட்டர். ஆனால் மூலக்கூறு வளையவும் செய்கிறது. வளைவால் முனைத் தூரத்தில் வரும் மாறுபாடு, நீளத்தின் நான்காம் அடுக்கை, பெர்சிஸ்டன்ஸ் நீளத்தின் (மூலக்கூறு எவ்வளவு தூரம் வளையாமல் நேராக நிற்கும் என்ற அளவு) இருபடியின் 90 மடங்கால் வகுத்தால் வரும். ஆப்டிகல் ட்வீசர் (லேசர் ஒளியால் பிடித்து இழுக்கும் கருவி) அளவீட்டில் கிடைத்த 14.5 நானோமீட்டரைப் போட்டால் 0.29. நீங்கள் தேடுவதைப் போல 58 மடங்கு. பெர்சிஸ்டன்ஸ் நீளம் 50 என்று தாராளமாக வைத்தாலும் 0.024, அப்போதும் ஐந்து மடங்கு. வகுத்துப் பார்த்தால் மூலக்கூறு ரப்பரைப் போலத் தெரியும்.

செய்ய வேண்டியது இது: ஒவ்வொரு மும்மைக்கும் மூன்று சங்கிலிகளும் சேர்ந்த நிறை மையம் எடுங்கள். அடுத்தடுத்த மையங்களுக்கு இடையே உள்ள தூரங்களைக் கூட்டி, உடலோடு போகும் நீளத்தைப் பெறுங்கள். அதன் மாறுபாட்டைப் பயன்படுத்துங்கள். இரண்டு முனையிலும் இரண்டு மும்மைகளை விட்டுவிட்டால் நடுவில் ஆறு மும்மை, சுமார் 5.1 நானோமீட்டர் மிஞ்சும். இழுக்கும்போதும் திரிபை இந்த நடுப்பகுதியில்தான் அளக்க வேண்டும். முனைகள் எப்போதும் அதிகம் நீளும். இழுத்து வந்த எண்ணும் ஆட்டத்திலிருந்து வந்த எண்ணும் 20-30 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நிம்மதியாக எழுதலாம்.


நீர்ப்பாலம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு: நேரத்தைக் கூட்டுவதற்கு முன் ஹைட்ரஜன் பிணைப்புகளை எண்ணுங்கள். முச்சுருளில் மும்மைக்கு ஒன்று: கிளைசினின் என்-ஹெச், பக்கத்துச் சங்கிலியில் மும்மையின் இரண்டாம் இடத்து எச்சத்தின் சி=ஓ. விசை இறங்கும் நேரத்தில் எந்தப் பிணைப்பு எந்த வரிசையில் போகிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். முனையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஜிப் திறப்பதுபோல் போனால், அது மூடி போடாத முனை விரிவது. மூடி போட்டு மறுபடி ஓட்டினால் தீரும். நடுவில் ஒரு சங்கிலியின் பிணைப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் விட்டு, ஒரு மும்மை தள்ளிப் புதிதாகப் பிடித்தால், சங்கிலி வழுக்கிவிட்டது. மூன்று சங்கிலிகளும் ஓர் எச்சம் முன்பின்னாக அடுக்கியிருக்க வேண்டும். அந்த அடுக்கு மாறிய பிறகு வரும் விசை வேறொரு பொருளுடையது. 300 நானோநொடி ஓட்டினாலும் பயனில்லை. அந்தப் படியையும் அதற்கு மேலுள்ளவற்றையும் எறிந்துவிடுங்கள்.

இழுக்கும் குழுவில் கடைசி ஆல்பா கார்பன் மூன்றுக்குப் பதிலாகக் கடைசி மும்மை முழுவதன் முதுகெலும்பு அணுக்களையும் சேர்த்தால் வழுக்கல் வெகுவாகக் குறையும். மூன்று அணுவில் அவ்வளவு விசையையும் ஏற்றுவது ஊசிமுனையில் பிடித்து இழுப்பதற்குச் சமம்.


அலகுக்கூடு எழுதியது:

ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த எண்ணை அடுத்து எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்பது முக்கியம். 4 ஜிகாபாஸ்கல் என்று முடிந்தால், அதை அப்படியே தசைநாண் அல்லது சாரக்கட்டு மாடலுக்குள் போட்டுவிடாதீர்கள். இரண்டு காரணம்.

முதலாவது, வரிசை. முதல் வகைக் கொலாஜனில் கிளைசின்-புரோலின்-ஹைட்ராக்ஸிபுரோலின் மும்மை ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். மற்ற இடங்களில் இமினோ அமிலம் (புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின்) குறைவு, மின்சுமை உள்ள எச்சங்கள் உண்டு, உடல் அங்கே தளர்வு. நீங்கள் ஓட்டுவது முச்சுருளின் மிக விறைப்பான பகுதியை மட்டும் 10 முறை அடுக்கியது. மேல் எல்லை என்று எழுதுங்கள், சராசரி என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது, நாரில் மூலக்கூறு மட்டும் நீளுவதில்லை. 67 நானோமீட்டர் சுழற்சியில் இடைவெளிப் பகுதி, மேற்படிவுப் பகுதி என்று மாறி மாறி வரும். இடைவெளிப் பகுதியில் அடர்த்தி குறைவு, மடிந்து கிடக்கும் உடல் முதலில் அங்கேதான் நிமிரும். பிறகு மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அதைக் குறுக்குப் பிணைப்புகள்தான் பிடித்து நிறுத்துகின்றன. அதனால் ஈர நாரின் குணகம் தனி மூலக்கூறைவிடப் பல மடங்கு குறைவு.

நார் வேண்டுமானால் 3ஹெச்ஆர்2 அமைப்பிலிருந்து தொடங்குங்கள். முச்சாய்வு அலகுக்கூடு (திரும்பத் திரும்ப அடுக்கப்படும், மூன்று கோணமும் சாய்ந்த பெட்டி), 40.0 × 27.0 × 678 ஆங்ஸ்ட்ராம், கோணங்கள் 89.2, 94.6, 105.6 பாகை. ஓர் அலகுக்கூட்டுக்கு ஒரு மூலக்கூறுதான். 300 நானோமீட்டர் நீளத்தை எல்லைகள் வழியாக ஐந்தாக மடக்கி வைத்திருக்கிறது. சுழற்சி எல்லை நிபந்தனை அதை முடிவில்லாத நாராக்கிவிடும். அலகுக்கூட்டுக்கு வெளியே நீர் பாக்ஸ் சேர்க்காதீர்கள், அடுக்கே போய்விடும். அலகுக்கூட்டின் கனஅளவு சுமார் 700 கன நானோமீட்டர், புரதம் அதில் பாதி. மிச்சத்தில் 12,000 நீர் மூலக்கூறுகள் கொள்ளும். ஒரு கிராம் கொலாஜனுக்கு 0.75 கிராம் நீர் என்ற அளவு. நிரப்பும் கருவி, புரதத்துக்கு நெருக்கமான சிறு இடுக்குகளை விட்டுவிடும். நிரப்பி, நிலை அழுத்தத்தில் ஓட்டி, சி அச்சு சுருங்குகிறதா என்று பார்த்து, மறுபடி நிரப்ப வேண்டும். சி அச்சு 67.8 நானோமீட்டரை ஒட்டி நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நீர் குறைந்த நாரை இழுத்தால் காய்ந்த நாரின் விறைப்பு வந்துவிடும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

இங்கே முனையைப் பிடித்து இழுக்க முடியாது, முனையே இல்லை. சி அச்சின் திசையில் எதிர்மறை அழுத்தம் கொடுத்து, பாக்ஸ் நீளும் அளவைப் படியுங்கள். 1 கிலோஜூல்/மோல்/கன நானோமீட்டர் = 1.66 மெகாபாஸ்கல், அதாவது 16.6 பார். நீருக்கும் அந்த அழுத்தம் போய்ச் சேரும் என்பதால் மற்ற இரண்டு அச்சுகளை 1 பாரில் தனியாகக் கட்டுங்கள், மூன்றையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். குறுக்குப் பிணைப்பு இல்லாத மாதிரி 50 மெகாபாஸ்கலில் மெல்ல நீண்டுகொண்டே போனால் வியக்க வேண்டாம், அது வழுக்கல்தான். டீலோபெப்டைடு முனைகளில் (முச்சுருளாகச் சுற்றாத சங்கிலி முனைகள்) லைசின் வழிப் பிணைப்பை டோபாலஜியில் (எந்த அணு எதோடு பிணைந்தது என்ற கோப்பு) கையால் சேர்த்த பிறகு மறுபடி இழுத்துப் பாருங்கள்.